வழங்கல் சங்கிலி முதுமாணிக் கற்கை வன்னியில் நடக்க வேண்டும்: எமது நிலைப்பாடு

வழங்கல் சங்கிலி முகாமைத்துவத்தில் பட்டப்பின் கற்கை ஒன்று வன்னியிலேயே தொடங்கப்பட வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலோ, பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, வேலை பார்ப்பவர்களும் வார இறுதியில் வந்து படிக்கக்கூடிய வகையில் அது அமைய வேண்டும். இதுவே எமது நிலைப்பாடு. பளையைச் சுற்றியுள்ள தென்னைச் செய்கையாளர், நெல் கமக்காரர், தும்புத் தொழிலாளர், சிறு லொறி உரிமையாளர் ஆகியோர் சேர்ந்து இயங்கும் கூட்டுறவு அமைப்பு நாம். பல்கலைக்கழகப் பாடத்தைப் பற்றிப் பேச எமக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் படிப்பு ஆராயும் சங்கிலியின் முதற் கண்ணி நாம். அந்தத் தகுதி போதும் என்று நம்புகிறோம்.

இதை இப்போது கேட்பதற்குத் தென்னையே முதற் காரணம். 2025 செப்டெம்பர் 2 ஆம் திகதி, உலக தெங்கு தினத்தன்று, புதுக்குடியிருப்பில் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டத்தை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். பளை அடங்கும் பச்சிலைப்பள்ளிக்குத் தென்னை புதுப் பயிர் இல்லை. முகமாலையிலும் கிளாலியிலும் ஷெல் விழுந்து தலையிழந்து நின்ற மரங்களைத் தறித்துவிட்டு, கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணிகளில் மறுபடி கன்று வைத்தவர்கள் இந்தப் பகுதி மக்கள். நெட்டை இனக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு செல்லும். 2025 இல் நட்டது 2032 அளவில் காய்க்கும். அந்தக் காயை யார் வாங்குவார், எங்கே உரிப்பார், எவ்வளவு கொப்பராவுக்குப் போகும், எவ்வளவு துருவலுக்கும் பாலுக்கும் போகும், பொச்சு எந்தத் தும்பு ஆலைக்குச் சேரும், ஏற்றுமதிக் கொள்கலன் எந்தத் துறைமுகத்துக்கு ஏறும்? கன்று நடுவதற்குத் திட்டம் இருக்கிறது. காய்க்கு வழி வகுக்கும் ஆட்களை இனித்தான் உருவாக்க வேண்டும். இரண்டாண்டுக் கற்கையொன்றை விரைவில் தொடங்கினால், இந்தக் கன்றுகள் பலன் தருமுன் இரண்டு தொகுதி மாணவர்களாவது படித்து வெளியேறிவிடுவார்கள். பிந்தினால், காய் குவிந்த பிறகு தரகரின் விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர எமக்கு வேறு வழி இராது.

நெல்லில் இதை ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். காலபோக அறுவடை முடிந்ததும் உலர்த்தத் தளம் போதாமல் வீதியோரத்தில் நெல் காய்கிறது. ஈரத்தோடு மூடை கட்டி விற்பவர்களும் உண்டு. லொறிகள் அதைத் தென்பகுதியின் பெரிய ஆலைகளுக்குக் கொண்டுபோகின்றன. சில வாரங்களில் அரிசிப் பொதியாக அது எமது கடைகளுக்கே திரும்பி வருகிறது. போக்குவரத்துச் செலவை இருமுறை சுமப்பவர் கமக்காரரும் நுகர்வோரும்தான். மரக்கறிச் சந்தையில் நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று வெட்டுகிற வழக்கத்தை எதிர்த்து வடக்கின் விவசாயிகள் ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்து வருகிறார்கள். இலங்கையில் பழமும் மரக்கறியும் அறுவடைக்குப் பின் 30 முதல் 40 வீதம் வீணாவதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. எந்தப் பயிர், எந்த இடத்தில், எவரது கையில், எத்தனை மணி நேரத்தில் பழுதாகிறது என்று எமது பகுதிக்கென அளந்து காட்டினால், பத்து வீதக் கழிவு நியாயமா என்ற வாக்குவாதத்தை எண்களோடு நடத்தலாம்.

ஒரு போகம் பூசணிக்கு நல்ல விலை வந்தால் மறுபோகம் எல்லோரும் பூசணி போடுகிறோம், பிறகு வாங்க ஆளின்றி வீதியோரம் குவிக்கிறோம். இதைக் கமக்காரரின் அறியாமை என்று சொல்லும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்துப் பேராசிரியர் ஜே ஃபொரெஸ்டர் 1961 இல் வெளியிட்ட நூலில், கடையில் ஏற்படும் சிறிய ஏற்ற இறக்கம் மொத்த வியாபாரியிடம் பெரிதாகி, உற்பத்தியாளரிடம் இன்னும் பெரிதாகிப் போய்ச் சேர்வதைக் கணக்கிட்டுக் காட்டினார். தகவல் தாமதமாக வருவதும் இடைவழியில் திரிவதும்தான் அதற்குக் காரணம். படித்த பெரிய கம்பனிகளுக்கும் அதுவே நடந்தது. ஆகவே கமக்காரரைக் குறை சொல்வதை விடுத்து, கேள்வி பற்றிய செய்தியைக் காலத்தோடு அவரிடம் சேர்க்கக் கற்றவர்களை உருவாக்குங்கள்.

“முதலில் குளிரூட்டிக் களஞ்சியம் கட்டித் தாருங்கள், முதுமாணி பிறகு பார்க்கலாம்” என்று எமது அங்கத்தவர்களில் சிலரே வாதிட்டார்கள். அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் கட்டடம் மட்டும் வந்த இடங்களில் நடந்ததையும் பார்க்க வேண்டும். வவுனியாவின் பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று 2016 இல் அரசியல்வாதிகள் பிரிந்து நின்றார்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது, லொறி எங்கே திரும்பும், வாங்குபவர் எங்கிருந்து வருவார் என்று அளந்து தீர்மானிக்க வேண்டிய கேள்வி அது. முடிவில் வேறொரு இடத்தில் கட்டடம் எழுந்தது, எழுந்த பின்பும் நீண்ட காலம் வியாபாரமின்றிக் கிடந்தது. ஆனையிறவு எமக்கு இன்னும் கிட்டிய உதாரணம். 2025 மார்ச்சில் அங்கே உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு நாட்டில் உப்புத் தட்டுப்பாடு ஏற்பட்டு, இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதியானது. மழை பிந்தினாலும் முந்தினாலும் விளைச்சல் மாறும் ஒரு பொருளுக்கு எவ்வளவு கையிருப்பு வைக்க வேண்டும் என்பது இந்தப் படிப்பின் முதலாம் ஆண்டுப் பாடம்.

கொழும்புப் பக்கம் போய்ப் படிக்கலாமே என்றும் சொல்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, தளவாட முகாமைத்துவத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் தரத்தை மதிக்கிறோம். ஆனால் இலவசக் கல்வி பெரும்பாலும் முதற் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. கட்டணத்தோடு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் பயணமும் தங்குமிடச் செலவும் சேர்ந்தால், பளையிலிருந்து ஒரு கூட்டுறவுச் சங்க முகாமையாளரோ பிள்ளைகள் உள்ள பெண் உத்தியோகத்தரோ அங்கே போக முடியாது. காணியை ஈடு வைத்து இதே பாடத்தைப் படிக்கப் பிரித்தானியாவுக்குப் போகும் பிள்ளைகளை நாம் குறை கூறவில்லை. ஊரில் ஒரு வாசல் இல்லாதபோது அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

ஊரிலேயே வாசல் திறந்ததற்கு முன்னுதாரணம் உண்டு. இந்தியாவில் குஜராத்தின் ஆனந்தில் பாற்பண்ணையாளர்களின் கூட்டுறவு 1946 இல் உருவானது. வர்கீஸ் குரியன் 1979 இல் அதே ஊரில் கிராமிய முகாமைத்துவத்துக்கான பட்டப்பின் நிறுவனத்தை நிறுவினார். அகமதாபாத்தில் புகழ்பெற்ற முகாமைத்துவ நிறுவனம் கிட்டவே இருந்தும் அவர் அப்படிச் செய்தார். அந்த மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படித்தாக வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் பகுதி. வன்னிக்கு நாம் கேட்பது அத்தகைய கற்கை.

இந்த மண்ணில் கற்பதற்கு விடயத்துக்குப் பஞ்சமில்லை. 1990 களின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடிக் கிடந்தபோது, குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே மனிதர் மண்ணெண்ணெயோடும் மருந்தோடும் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் இரவோடு இரவாகக் கடந்தார்கள். பலர் அந்த நீரில் உயிர் விட்டார்கள். 2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டதும் யாழ்ப்பாணம் கப்பலை நம்பி வாழ்ந்தது. எதைப் பங்கிட்டோம், எதற்கு எதை மாற்றீடாக்கினோம், எந்தச் சங்கம் எப்படிக் கூப்பன் அரிசி கொடுத்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். அனர்த்தகால வழங்கல் என்ற பாடத்துக்கு இவர்களின் வாய்மொழி பதிவாக வேண்டும். இதில் தாமதத்துக்கு இடமில்லை.

கற்கை எந்த மொழியில் நடந்தாலும், ஒவ்வொரு ஆய்வேட்டின் சாரமும் தமிழில் எழுதப்பட்டு, ஆய்வுக்கு உட்பட்ட சங்கத்திடம் கையளிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். ஆய்வேடுகளில் பாதியாவது வட மாகாணத்தின் ஒரு பொருளைப் பற்றியதாக இருக்கட்டும். அனுமதியில், முதற் பட்டத்தின் வகுப்பை மட்டும் பாராமல், சந்தையிலும் ஆலையிலும் களஞ்சியத்திலும் வேலை செய்த ஆண்டுகளுக்கும் புள்ளி கொடுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் மாகாண சபையும் வடக்கின் மாணவருக்குக் கட்டணச் சலுகை ஒதுக்க வேண்டும்.

எமது பங்குக்கு, கொள்வனவு, விற்பனை, லொறி வாடகைக் கணக்குப் புத்தகங்களை மாணவருக்கும் விரிவுரையாளருக்கும் திறந்து வைப்போம். ஆட்களின் பெயரை மறைத்து எண்களைப் பயன்படுத்தலாம். களஆய்வுக்கு வருபவர்களுக்குப் பளையில் தங்க இடமும் சாப்பாடும் நாம் பார்த்துக்கொள்வோம். இந்த அறிக்கையின் பிரதிகளை இரு பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் அனுப்புகிறோம். நேரில் பேச அழைத்தால், கணக்குப் புத்தகங்களோடு வருவோம்.