வற்றாத குளமும் வராத யானையும்

எசல பெரஹரா நடைபெறும் நாட்களில் கண்டி மாநகருக்கு வருவோர் யானையைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பட்டுப் போர்த்து, மின்விளக்குகள் மினுங்க, யானைகளே தெருவழியாக நம்மைத் தேடி வருகின்றன. அவற்றுட் பல வெளியூர்களிலிருந்து லொறிகளில் வந்தவை. எங்கள் கல்லூரியில் நான் குறிஞ்சித்திணை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, சங்கிலி பூணாத யானையை நீங்கள் கண்டதுண்டா?” என்று வினவினான். முப்பது ஆண்டுகளாகக் களிறு என்றும் பிடி என்றும் பாடம் சொல்லிவரும் நான், இல்லை என்றே விடையளிக்க நேர்ந்தது. அந்த வெட்கமே ஆகஸ்ட் விடுமுறையில் எங்களை மின்னேரியாவுக்கு அழைத்துச் சென்றது எனலாம்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் இன்று காட்டு யானை இல்லாமைக்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக அம்மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. எஞ்சிய யானைகளை வேட்டைத் துப்பாக்கிகள் தீர்த்தன. மலைநாட்டில் பணியாற்றிய மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தினார் என்பர். அவர் 1845 இல் இடி விழுந்து மாண்டார். (இதனைச் சொன்னபோது மாணவர் கைதட்டினர். நான் கண்டிக்கவில்லை.)

அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் எண்ணற்றவர். மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை என்று நாங்கள் ஒரு காலைப் பொழுதில் வானில் கடந்த பாதை, எதிர்த்திசையில் அவர்கள் நடந்த பாதையே. என் மாணவருட் பலர் அவர்களின் வழித்தோன்றல்கள். காட்டைக் காசு கொடுத்துக் காணப் புறப்பட்டது அக்குடும்பங்களில் இதுவே முதன்முறை என அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டனர்.

ஹபரணையில் இரண்டு ஜீப் வண்டிகளை அமர்த்தினோம். எங்கள் வழிகாட்டி சிங்களவர். அரைகுறைத் தமிழும் நிறைந்த பொறுமையும் உடையவர். எனக்கு அவரிடம் முதல் பாடம் சொல்லிலேயே கிடைத்தது. சிங்களத்தில் கொம்புடையது ‘எத்தா’, கொம்பில்லாதது ‘அலியா’. இலங்கையின் ஆண்யானைகளுள் மருப்புடையவை மிகச் சிலவே. ஆகவே களிறென்றால் வெண்மருப்பு என்று நான் வகுப்பில் கரும்பலகையில் வரையும் படம் இந்நாட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கூட்டத்தை நடத்துவதும் களிறன்று, முதிய பிடியே. ஆண்கன்று வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடுகிறது. “மாத்தயா, அம்மாதான் பெரியாள்” என்று அவர் சொன்னபோது மாணவிகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர்.

குளக்கரையை அடைந்தோம். கண்டவை முப்பது யானைகள் இருக்கலாம். நின்ற ஜீப்புகள் அதனினும் மிகுதி. ஒரு குட்டியைப் படம்பிடிக்க நான்கு வண்டிகள் ஒன்றையொன்று முந்திப் புல்லில் ஏறின. தாய்ப்பிடி செவிகளை விரித்து ஓரடி முன்வைத்தது. எங்கள் வண்டியும் அவ்வரிசையில்தான் நின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. “பின்னே போவோம்” என்று நான் சொல்லும் முன்பே வழிகாட்டி சாரதியின் தோளைத் தட்டினார். ஆயினும் பின்வாங்க இடமிருக்கவில்லை.

ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இக்கரையில் முந்நூறு யானைகள் வரை கூடுவது உலகறிந்த காட்சி. அது ஏன் இவ்வளவு மெலிந்தது என்று கேட்டேன். அவர் யானைகளைக் காட்டவில்லை, நீரைக் காட்டினார்.

மின்னேரியாக் குளம் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகாசேன மன்னன் கட்டியது. அம்மன்னனை மின்னேரித் தெய்வமாகவே அப்பகுதி உழவர் வழிபடுகின்றனர். வேனிலில் வயலுக்கு நீர் பாயப் பாயக் குளம் சுருங்கும். நீர் விலகிய சேற்றில் இளம்புல் தழைக்கும். சுற்றுக்காடெல்லாம் காய்ந்து கிடக்கும் வேளையில் அப்புல்லே யானைகளுக்குப் பெருவிருந்து. கலித்தொகையின் பாலைக்கலியில், வறண்ட காட்டில் எஞ்சிய சிறிதளவு நீரை ஆண்யானை தன் பிடிக்குக் கொடுத்துவிட்டுப் பிறகே தான் பருகும் காட்சி வருகிறது. அதனைக் கற்பிக்கும் நாம் வறட்சியை இழப்பாகவே எண்ணிப் பழகிவிட்டோம். மின்னேரியாவிலோ நீர் வற்றுவதுதான் யானையின் அறுவடைக்காலம்.

2018 இல் அம்பன் கங்கையின் மீது மொரகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. பழைய எலஹெரக் கால்வாய் வழியே அந்நீர் மின்னேரியாவுக்கும் வருகிறது. வற்ற வேண்டிய மாதங்களில் குளம் நிறைந்து நின்றால் புற்றரை நீரில் மூழ்கிவிடும். அத்தகைய ஆண்டுகளில் யானைகள் எங்கே போகும்? காட்டில் புல் இல்லை. அருகே வயல் இருக்கிறது.

இதில் உழவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நீர் நிறைந்த குளம் அவர்களின் பல தலைமுறைக் கனவு. வேனிலில் சில வாரங்களேனும் நீர்மட்டத்தை இறக்கிப் புல்லுக்கு இடம் விட வேண்டும் என்று இயற்கை ஆர்வலர் கேட்கின்றனர். இது கேட்கத்தக்க கோரிக்கை என்பதே என் கருத்து. ஆனால் மதகைத் திறக்கும் அதிகாரம் நீருக்குப் பொறுப்பானவரிடமும், பூங்காவின் காவல் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும், ஜீப்பின் வருவாய் தனியாரிடமும் இருக்கின்றன. யானை இம்மூவரில் எவருடைய கணக்கேட்டிலும் முழுமையாக இல்லை.

தனியார் வனங்களை ஏற்படுத்தினால் ஒழுங்கு வரும் என்று எங்களுடன் வந்த ஆசிரியர் ஒருவர் வாதிட்டார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தென்னாபிரிக்காவில் 1926 இல் அமைந்த குரூகர் தேசியப் பூங்காவின் மேற்கெல்லையில் தனியார் வனங்கள் உள்ளன. ஒரு விலங்கருகே இத்தனை வண்டிகள்தாம் நிற்கலாம் என வழிகாட்டிகள் வானொலிக் கருவியில் பேசி முறை வைத்துக்கொள்கின்றனர். 1991 ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் முறையாக வேலியிட்ட நிலத்தின் விலங்கை நிலவுடைமையாளரின் சொத்தாகவே ஏற்கிறது. அவ்வொழுங்கை நாம் இரவல் வாங்கலாம், அவ்வுடைமையை வாங்கலாகாது. இலங்கை யானைக்கு வேலிக்குள் அடங்கும் வழக்கம் இல்லை. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. அவை நடமாடும் நிலத்தில் பெரும்பகுதி மனிதரும் வாழும் இடமே. எவர் வேலி போட்டாலும் பாதி யானை வெளியில்தான் நிற்கும்.

வெளியில் நடப்பதை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். 2023 இல் மட்டும் நானூற்றுக்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். பூசணிக்காய்க்குள் வெடிமருந்து வைத்த ‘ஹக்கபட்டாஸ்’ வாயில் வெடித்துத் தாடை சிதைந்த யானை பல நாள் பட்டினி கிடந்தே சாகிறது. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அண்மையில் கல்ஓயாப் பகுதியில் பயணிகள் புகையிரதம் மோதி ஆறு யானைகளுக்குக் குறையாமல் இறந்தன. ஜீப்பில் ஏறுவோருக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டில் இவற்றுள் எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. வயலோரம் ஒரு மரத்தின்மேல் பரண் தெரிந்தது. அதில் மண்ணெண்ணெய் விளக்கொன்று எரிந்தது. அருகே முதியவர் ஒருவர் போர்வையுடன் குந்தியிருந்தார். வானை நிறுத்தச் சொன்னோம். விடியும்வரை விழித்திருப்பாராம், சென்ற போகத்தில் ஒரே இரவில் அரை ஏக்கர் போயிற்றாம், பட்டாசு வாங்கக் காசில்லாத நாளில் தகரத்தைத் தட்டுவாராம். வழிகாட்டியிடம் கற்ற இரண்டொரு சிங்களச் சொற்களால் மாணவர் அவரிடம் பேசினர். ஒருத்தி தன்னிடமிருந்த பிஸ்கட் பொட்டலத்தை மேலே எறிந்தாள், அவர் பிடித்துக்கொண்டார்.

பின்வரிசை மாணவன் என்னருகே வந்து, “ஐயா, நீங்கள் சொல்லும் புனங்காவல் இதுதானா?” என்றான்.

“இதுதான்” என்றேன்.