வறுமை பள்ளிக்கூடம் அல்ல!

"வறுமையில் வாடியவனே பெருங்கலைஞன் ஆவான்!" மேடைக்கு மேடை இதே முழக்கம். பொன்னாடை போர்த்தும்போதும் இதே பல்லவி, நினைவு நாள் கூட்டத்திலும் இதே பல்லவி. தோழர்களே, இது யாருக்கு இனிக்கிறது? வயிறு நிறைந்தவனுக்கு! பசித்த பிள்ளையைப் பார்த்து "பட்டினி கிட, நாளை காவியம் பாடுவாய்" என்று சொல்லித் தன் கடமையைக் கைகழுவ நினைப்பவனுக்கு!

சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணிலேயே இருக்கிறது.

அண்ணாபாவு சாத்தே 1920-இல் வாட்டேகாவ் என்ற சிற்றூரில், தீண்டத்தகாதது என ஒதுக்கப்பட்ட மாங் சாதியில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு இடம் தரவில்லை. சிறுவனாகவே ஊரைவிட்டுக் கால்நடையாகப் பம்பாய் வந்தார். கிடைத்த கூலிவேலையெல்லாம் செய்தார், ஆலையிலும் உழைத்தார். அந்தக் கைதான் 1959-இல் 'ஃபகிரா' நாவலைத் தந்தது. பட்டினியால் சாகும் தன் மக்களுக்காகத் தானியத்தைக் கொள்ளையிட்டு, வெள்ளை அரசை எதிர்த்து நின்ற வீரனின் கதை அது.

நாராயண் சுர்வே பெற்றோர் யாரென்றே அறியாதவர். கைக்குழந்தையாகப் பம்பாயில் அநாதையாகக் கிடந்தவரை, கங்காராம் சுர்வே என்ற ஆலைத் தொழிலாளி எடுத்து வளர்த்துத் தம் பெயரையும் கொடுத்தார். ஆலை வேலை, பள்ளிக்கூடத்தில் பியூன் வேலை, பிறகு ஆசிரியர் வேலை என்று உயர்ந்தார் சுர்வே. 1966-இல் வந்த தம் கவிதைத் தொகுப்புக்கு 'என் பல்கலைக்கழகம்' என்ற பொருளில் 'மாஜே வித்யாபீட்' என்று பெயரிட்டார். தெருவும் ஆலையுமே அந்தப் பல்கலைக்கழகம்.

"பார்த்தீர்களா! வறுமைதானே இவர்களை உருவாக்கியது?" என்று துள்ளுவார்கள். பொறுங்கள் ஐயா! பசியறியாதவன் 'ஃபகிரா'வை எழுதியிருக்க மாட்டான் என்பது உண்மை. இளமைத் துன்பம் கலைஞனுக்குச் சொல்வதற்குச் செய்தி தருகிறது, யார் பக்கம் நிற்பது என்று காட்டுகிறது. மறுக்கவில்லை. ஆனால் அதே நாளில், அதே பசியோடு பம்பாய்க்கு வந்த பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! அவர்கள் ஏன் பாடவில்லை? வறுமைதான் கலைஞனை உண்டாக்கும் என்றால், தாராவியில் வீட்டுக்கொரு காவியம் பிறந்திருக்க வேண்டுமே!

வேறுபாடு எங்கே? சாத்தேக்கு இயக்கம் கிடைத்தது. 1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். மேடை இருந்தது, கேட்கத் தொழிலாளர் கூட்டம் இருந்தது. சுர்வேக்கு, தன் சோற்றைப் பகிர்ந்து பள்ளிக்கும் அனுப்பிய ஒரு தொழிலாளி கிடைத்தார், பின்னர் தொழிற்சங்கம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நம் ஜெயகாந்தனுக்கு எது பள்ளி? கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம்! துன்பம் எல்லோருக்கும் கிடைத்தது. எழுத்தும் மேடையும் கைதூக்கிவிட ஒருவரும் சிலருக்கே கிடைத்தன.

வறுமை கொடுத்ததைப் பாடுகிறவர்கள், அது பறித்ததைக் கணக்கில் எழுதுவதே இல்லை. காட்கோபர் சிராக் நகர்க் குடிசையில் நெடுநாள் வாழ்ந்த சாத்தே 1969-இல், 49 வயது நிறையுமுன் மறைந்தார். 2002-இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். எழுதாமல் போன நாவல்களுக்கு எந்த அரசு தலை வெளியிடும்?

இன்று நிலை என்ன? 1982-இன் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்தத் தொழிலாளர் மேடைகளும் சரிந்தன. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவலாம்' என்று வாசலைத் திறந்துவிட்டார்கள். ஆபத்தான தொழில் மட்டும் கூடாதாம்! விடியுமுன் இட்லிப் பாத்திரம் சுமக்கும் பிள்ளைக்கு, இரவு வரை முறுக்கு சுற்றும் பிள்ளைக்குப் படிக்க ஏது நேரம்? விளையாட ஏது நேரம்? இதையும் 'வறுமைப் பள்ளி' என்று புகழப் போகிறோமா?

அரசை மட்டும் குறைகூறிக் கலைய வேண்டாம். வெளிமாநிலத்துத் தமிழ்ச் சங்கங்களே, உங்கள் ஆண்டு விழாக் கணக்கைப் புரட்டுங்கள். மாலைக்கு எவ்வளவு, பொன்னாடைக்கு எவ்வளவு, படிப்பகத்துக்கு எவ்வளவு? குடிசைப் பகுதிக்கு ஓர் இரவுப் படிப்பகம், அதில் விளக்கு, மேசை, தமிழிலும் மராத்தியிலும் நூல்கள், வாரம் இருமுறை வந்து சொல்லித்தர ஓர் ஆசிரியர். இது பெருஞ்செலவு அல்ல, மனம்தான் வேண்டும்!

கலைஞன் செத்தபின் சிலை வைக்க ஓடுகிறோம். அவன் சிறுவனாய் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு விளக்கு வைப்போம். அதற்கான தீர்மானம் இந்த ஆண்டுப் பொதுக்குழுவிலேயே நிறைவேறட்டும்!