கடையின் பின்னறையில் ஒரு பள்ளி

சட்டம் படித்தோர்க்கு ஒரு மயக்கம் உண்டு. நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிவிட்டால் உரிமை கைக்கு வந்துவிட்டதென எண்ணி வழக்குக் கட்டை மூடி வைத்துவிடுகிறோம். எம்மையும் சேர்த்தே சொல்கிறோம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் நடந்ததை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

அம்மாநிலத்து வெள்ளையர் 1895ஆம் ஆண்டில் புதிய அரசியலமைப்பு ஒன்றை இயற்றினர். கறுப்பின மக்களுக்கு வாக்கு இல்லையென அதில் ஓரிடத்திலும் எழுதவில்லை. வாக்காளராகப் பதிய வருவோர் அவ்வரசியலமைப்பின் எப்பகுதியையும் வாசிக்கவும் எழுதவும் வல்லவராதல் வேண்டும். அன்றேல் 300 டொலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி செலுத்தியிருத்தல் வேண்டும். இவ்வளவே விதி. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமென 1834இல் சட்டஞ் செய்த மாநிலம் அது. பள்ளிக் கதவை முதலில் அடைத்துவிட்டுப் பின்னர் படியாதவனுக்கு வாக்கில்லை என்ற சாமர்த்தியத்தை எந்த அப்புக்காத்தும் மெச்சுவார்.

கட்சி வேட்பாளரைத் தெரியும் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற வழக்கத்தை நீதிபதி வேரிங் 1947இல் தகர்த்தார். சட்டப்படி அது பெருவெற்றி. ஆயினும் பத்தாண்டு கழிந்த பின்னரும் சாள்ஸ்டன் நகரை அடுத்த ஜோன்ஸ் தீவின் கமக்காரர் பலருக்கு அத்தீர்ப்பால் ஒரு பயனும் கிட்டவில்லை. பதிவு அலுவலர் நீட்டிய தாளை அவர்களால் வாசிக்க முடியவில்லை.

தீவிலிருந்து நகருக்கு வேலைக்குச் செல்வோரைத் தம் பஸ் வண்டியில் ஏற்றிச் சென்ற ஈசா ஜென்கின்ஸ் என்பவர், வழிநெடுக அரசியலமைப்பின் பகுதிகளை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அலிஸ் வைன் என்னும் பெண்மணி கேட்டுக் கேட்டே மனனஞ் செய்தார். மனனம் போதாது, உண்மையாகவே வாசிக்கப் பழக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அக்கேள்வியைச் செவிமடுத்து ஆவன செய்தவர் செப்ரிமா கிளார்க் என்னும் ஆசிரியை.

1898இல் பிறந்த கிளார்க் அம்மையாரின் தந்தையார் அடிமையாகப் பிறந்தவர். சாள்ஸ்டன் நகரப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியரை ஏற்காமையால் 1916இல் இதே தீவுக்கு உபாத்தியாயராக வந்தார். நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். 1956இல், அரசாங்க ஊழியர் எவரும் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராயிருத்தல் ஆகாதெனச் சட்டம் வந்தது. அங்கத்துவத்தை மறைக்க அவர் இசையவில்லை. வேலை போயிற்று, இளைப்பாற்றுச் சம்பளமும் போயிற்று. அது அநியாயமென்று மாநில ஆளுநர் ஒப்புக்கொள்ள 1976 வரை ஆயிற்று.

உத்தியோகம் பார்ப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. அச்சட்டத்தை எதிர்க்குமாறு அம்மையார் 726 கறுப்பின ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். விடை எழுதியோர் 26 பேர். மேலதிகாரியைக் காணச் சென்றபோது உடன் நின்றோரையும் சேர்த்து ஐவரே. நாம் அந்த ஆசிரியரைக் கோழையர் என்று ஏசமாட்டோம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோரின் அச்சம் எமக்குத் தெரியாததன்று. அம்மையாரும் ஏசவில்லை, ஆயத்தஞ் செய்யாத மக்களைத் தாம் தள்ளப் பார்த்ததே பிழையென்று எண்ணினார். அடுத்த முயற்சியில் ஆயத்தத்திலிருந்தே தொடங்கினார்.

டெனசி மாநிலத்து ஹைலாண்டர் மக்கள் பள்ளி அவருக்கு வேலை கொடுத்தது. அப்பள்ளி கொடுத்த கடனால் தீவில் பழைய கட்டடம் ஒன்று வாங்கப்பட்டது. முன்புறம் கூட்டுறவுக் கடை, பின்னறையில் வகுப்பு. கடைக்குச் செல்வோரை எவரும் சந்தேகிப்பதில்லையன்றோ! 1957 ஜனவரி 7ஆந் தேதி இரவு 14 பேர் வந்தனர். வயலில் வேலை குறைந்த மாதங்களையே தெரிந்தெடுத்தனர்.

கற்பிக்க அமர்த்தப்பட்டவர் அம்மையாரின் உறவினரான பேர்னிஸ் றொபின்சன். இவர் கூந்தல் ஒப்பனைத் தொழில் செய்தவர். ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். அதனாலேயே அவரைத் தெரிந்தனர். பட்டம் பெற்றவர் முன்னிலையில் முதியவர் நாணிக் குறுகுவர் என்பதை அம்மையார் அறிவார். குழந்தைப் பாடநூல்களோடு வந்த றொபின்சன் அவற்றை ஒதுக்கிவிட்டு, நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று வந்தோரையே வினவினார். தம் பெயரை எழுத வேண்டும். காசுக்கட்டளைப் படிவத்தை நிரப்ப வேண்டும். தொலைவிலுள்ள பிள்ளைகளின் கடிதத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்றனர். அவையே பாடமாயின. அட்டையில் பொறித்த தம் பெயரின்மேல் பென்சிலை மீண்டும் மீண்டும் ஓட்டிக் கை பழகினர். பின்னர் வாக்காளர் பதிவுப் படிவம். சுவரிலே ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் தொங்கிற்று.

எம்மிடம் வரும் கட்சிக்காரரை ஈண்டு நினைக்கிறோம். நாம் வரைந்த பத்திரத்தை வாசியாமலே ஒப்பமிடுவோர் எத்தனை பேர்! நாமும் இடத்தைச் சுட்டிக்காட்டி ‘இங்கே’ என்கிறோம். அதற்குக் கூலியும் பெறுகிறோம்.

பள்ளிகள் அயல் தீவுகளுக்கும் பரவின. 1959 யூலையில் ஹைலாண்டரைப் பொலிசார் சோதனையிட்டு, மது வைத்திருந்ததாக அம்மையாரைக் கைது செய்தனர். 1961இல் அரசாங்கம் அப்பள்ளியையே மூடுவித்தது. ஆனால் அதற்குள் வேலைத்திட்டம் மாட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய இயக்கத்திடம் சென்றுவிட்டது. ஜோர்ஜியாவிலுள்ள டோர்செஸ்ரர் நிலையத்திற்குத் தென்மாநிலங்களின் ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தனர். பயிற்சி பெற்றுத் தத்தம் ஊருக்குத் திரும்பிக் கற்பித்தனர். மிசிசிப்பிப் பருத்தித் தோட்டத்தில் உழைத்த பானி லூ ஹேமரும் அப்பயிற்சி பெற்றவரே.

ஊர்வலங்கள் அனைத்திற்கும் தாமே தலைமை தாங்காது, அவ்வவ்வூரில் தலைவர்களை வளர்க்குமாறு அம்மையார் கிங்குக்கு ஒருமுறை எழுதினார். அக்கடிதத்தை அவர் அலுவலர்க்கு வாசித்துக் காட்ட, அனைவரும் நகைத்தனராம். பெண்ணின் சொல்லுக்கு அவ்வியக்கத்தில் மதிப்பில்லை என்று அம்மையார் பிற்காலத்தில் வெளிப்படையாகவே குறைப்பட்டார்.

எழுத்தறிவுச் சோதனையை 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தென் கரோலினாவிலும் வேறு சில மாநிலங்களிலும் நிறுத்தி வைத்தது. சட்ட வரலாறுகள் அதைப் பாராளுமன்றத்தின் வெற்றி என்று எழுதுகின்றன. அச்சட்டம் வருமுன்பே, வேலை குறைந்த மாதங்களின் இரவுகளில் கற்ற கமக்காரர் பலர் அச்சோதனையில் தேறித் தம் கையாலேயே பெயரைப் பதிந்திருந்தனர்.