துங்கநாதரே இறங்குகிறார்

மழை ஓய்ந்த அக்டோபரில் ரிஷிகேஷிலிருந்து காரில் கிளம்பும் தம்பதிகள், அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்து கங்கையாவதை தேவப்பிரயாகையில் இறங்கிப் பார்க்கலாம். ருத்ரப்பிரயாகையில் டீ, உகிமத்தில் இரவுத் தங்கல். மறுநாள் சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயிலுக்குச் சுமார் 3.5 கி.மீ. ஏற்றம். பிரச்சினை அங்கேதான்.

கணவர் கேமராவோடு விறுவிறுவென்று முன்னே போகிறார். மனைவி மூச்சிரைக்க நாலு வளைவு பின்னால். கோயில் இருப்பது 3,600 மீட்டருக்கும் மேலே. அந்த உயரத்தில் தலைவலியையும் குமட்டலையும் வெறும் களைப்பென்று தள்ளக்கூடாது. இன்னும் ஏறாதே என்ற எச்சரிக்கை அது. அதைச் சொல்லப் பக்கத்தில் ஆள் வேண்டாமா? மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். உடம்பு முடியாவிட்டால், கோயில் கண்ணில் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். குளிர்காலத்தில் துங்கநாதரே மக்குமத்துக்கு இறங்கிவிடுகிறார். நாம் இறங்குவதில் என்ன கௌரவக் குறைச்சல்?