ஏழு மதில் கடந்தா நீதி?

திருவரங்கத்துக் கோயிலுக்கு மதில்கள் ஏழு, தோழர்களே! ஏழுக்கும் வாயில்கள் உண்டு. நடந்தால் உள்ளே போய்ச் சேரலாம். கல்லூரியிலே கண்ணீரோடு புகார் கொண்டுவரும் மாணவியின் முன் எழுப்பப்படும் மதில்களுக்கோ வாயிலே இல்லை! 'நிறுவனத்தின் பெயர் கெடும்' என்பது ஒரு மதில். 'உன் படிப்புப் பாழாகும்' என்பது மற்றொன்று. 'நீ உடுத்தியிருந்த உடை என்ன?' என்பதோ, எல்லாவற்றினும் உயர்ந்த மதில்!

கற்பனையன்று இது. காவிரிப் பாலம் கடந்து, திருச்சி நகர் தாண்டி, தஞ்சைச் சாலையிலே சென்றால் துவாக்குடி. அங்கே தேசிய தொழில்நுட்பக் கழகம். 2024 ஆகஸ்ட் 29 அன்று, மகளிர் விடுதிக்கு இணைய இணைப்பைச் சீராக்க வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், மாணவியிடம் அருவருக்கத்தக்க முறையில் நடந்துகொண்டார் எனப் புகார் எழுந்தது. காவல்துறை அவரைக் கைது செய்தது. ஆயினும், விடுதிக் காப்பாளர் அந்தப் பெண்ணின் உடையைக் குறை கூறினார் என்று கொதித்தெழுந்த மாணவர்கள் இரவெல்லாம் வளாகத்திலே அமர்ந்தனர். வருத்தம் தெரிவிக்கப்பட்ட பிறகே கலைந்தனர். குற்றம் சாட்டப்பட்டவரைப் பிடிக்கக் காவலர் போதும். குற்றம் சொன்னவளை மதிக்க வைக்கவோ, ஓர் இரவுப் போராட்டம் தேவைப்பட்டது!

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவன் நாவரசு கொல்லப்பட்டான். 1997இல் தமிழகம் ராகிங் தடைச் சட்டம் இயற்றிற்று. புகாரைப் புறக்கணிக்கும் நிறுவனத் தலைவர், குற்றத்துக்கு உடந்தையாகவே கருதப்படுவார் என்கிறது அது. பாலியல் புகார்களுக்கோ, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. விசாரணைக் குழுவுக்கு மூத்த பெண் பேராசிரியர் தலைமை. மாணவர் தொடர்பான வழக்கெனில், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர். 90 நாட்களுள் விசாரணை முடிவு. துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்றோர் அக்குழுவில் இருத்தல் ஆகாது!

ஏன் அந்த விலக்கு? நிறுவனத்தின் பெயரைக் காக்கும் பொறுப்புடையவர் கையிலே தராசைக் கொடுத்தால், முள் பெயரின் பக்கமே சாயும்!

'புகார் பொய்யானால்?' என்பர். அதை ஆராயத்தானே விசாரணை! குற்றம் சாட்டப்பட்டவரும் தம் தரப்பை எடுத்துரைக்கட்டும்; அது அவர் உரிமை. உடையைப் பற்றிய வினாவுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

உங்கள் ஊர்க் கல்லூரிக்குச் செல்லுங்கள், தோழர்களே! முழக்கத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். குழு உண்டா? அதிலுள்ள மாணவரைத் தேர்ந்தெடுத்தவர் மாணவரா, நிர்வாகமா? குழுவினர் பெயர் விடுதிச் சுவரிலே எழுதப்பட்டிருக்கிறதா?

ஒன்று மறவாதீர்! குற்றம் சாட்டப்பட்டவன் நம் கொடியைத் தூக்கியவனாயினும், புகார் கொடுத்தவள் மாற்றார் முகாமைச் சேர்ந்தவளாயினும், இக் கேள்விகள் மாறுதல் கூடாது. மாறுமாயின், எட்டாவது மதிலை எழுப்பியவர்கள் நாமாவோம்!