முகப்பும் வளவும்

செட்டிநாட்டுப் பெருமனைகளைக் காண்போருள் ஒரு சாரார், அவை முழுவதும் தமிழர் கட்டடக்கலையே என்பர். மற்றொரு சாரார், வெள்ளையனிடம் பெற்ற இரவலே என்பர். இரண்டும் பிழை. வீட்டைப் படித்தறியாமையே இப்பிழைக்குக் காரணம்.

முதலில் முகப்பைக் காண்க. தூணின் தலை ஒப்பனையின்றி எளிதாயிருப்பின் அது தோரியம்; ஆட்டுக்கொம்பு போல் இரு சுருள்கள் இருப்பின் அயோனியம்; இலைக்கொத்து விரிந்திருப்பின் கொரிந்தியம். மேலே அமைந்த முக்கோண முகடும் கிரேக்கக் கோயிலினதே. அரைவட்ட வளைவு உரோமையருடையது. குறுந்தூண்கள் நிரைத்த கைப்பிடிச்சுவர் பிற்கால இத்தாலியர் சேர்த்தது.

இவை நேரே கிரேக்கத்தினின்று வந்தவையல்ல. ஏதென்சின் பழங்கட்டடங்களை அளந்து வரைந்த சுதுவர்ட்டு, இரெவெட்டு என்பாரின் நூல் 1762இல் இலண்டனில் வெளிவரத் தொடங்கியது. பழமையை மீட்கும் வேட்கை ஐரோப்பாவெங்கும் பரவிற்று. 1802இல் சென்னையில் ஆங்கிலேயர் கட்டிமுடித்த விருந்து மண்டபம், இன்றைய இராசாசி மண்டபம், கிரேக்கக் கோயிலின் சாயலே. ஆள்வோர் கட்டடத்தின் தோற்றம் பின்னர்ச் செல்வர் மனைகளின் முகத்திலும் ஏறிற்று.

இனி உள்ளே செல்க. திண்ணை, வானம் பார்த்த வளவு, அதனைச் சூழ்ந்த தாழ்வாரம், மணமான மக்களுக்குத் தனித்தனி அறை, இரண்டாங்கட்டு, அடுக்களை! இவ்வமைப்பில் கிரேக்கனுக்கு என்ன பங்கு? மழைநீரை வளவில் இறக்கும் சாய்கூரையும், முட்டை வெண்கரு கலந்த சாந்தால் பளிங்கெனத் தேய்த்த சுவரும் நம் கொத்தரின் அறிவு. அயலார் முகட்டின் நடுவிலும் யானைகள் சூழத் திருமகளைச் சுதையில் அமர்த்தியவர் அவரே.

1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டபின் அங்கு ஈட்டிய செல்வம் சரிந்தது. இன்று பல மனைகள் பூட்டிக் கிடக்கின்றன. பல இடிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத்தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபோயின. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெசுகோவின் உலக மரபிடங்களுக்கான முன்பட்டியலில் இடம்பெற்றன. முன்பட்டியல் ஒரு தூணையும் காவாது.

படம் எடுக்க முகப்பு போதும் என்போர் இரவலைக் காத்து உரிமையை இழப்பர். வளவு இடிந்தால் 'வளவு' என்னும் சொல்லும் வழக்கொழியும். தமிழன்பர்களே! இரவலை இரவலென்றும் உரிமையை உரிமையென்றும் பெயர்சுட்டி அறிவோம், அறிந்து காப்போம்.