இலாபம் அவர்களுக்கு, நட்டம் எமக்கு: எக்ஸ்பிரஸ் பேர்ள் தீர்ப்பு கேட்கும் கேள்வி

2025 ஜூலை 24 ஆம் திகதி எமது நாட்டின் உயர் நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் அழிவுக்காக அதன் உரிமையாளர் தரப்பு இலங்கைக்கு 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. இரண்டு மாதங்கள் கழித்து, அந்தத் தொகையைச் செலுத்தப் போவதில்லை என்று கப்பலை இயக்கிய சிங்கப்பூர் நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாகவே அறிவித்தார். செய்தி வந்தது, சில நாட்கள் பேசினோம், பிறகு வேறு செய்திகளுக்குப் போய்விட்டோம்.

ஆனால் அந்த மறுப்பை அவ்வளவு இலகுவாகக் கடந்து போக முடியாது. ஒரு தொழிலின் இலாபம் ஒருவரிடமும், அதன் விலை இன்னொருவரிடமும் போய்ச் சேருவது எப்படி என்பதை அண்மைக் காலத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய சம்பவம் எமது நாட்டில் வேறொன்றில்லை.

நடந்தது என்ன?

கப்பல் புத்தம் புதியது. 2021 பெப்ரவரியில்தான் சேவைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம், 1,486 கொள்கலன்களுடன் கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவற்றில் 25 தொன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலம் கசிவது இங்கு வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கசியும் கொள்கலனை இறக்குவதற்குக் கட்டாரின் ஹமத் துறைமுகத்திடமும் இந்தியாவின் ஹசீரா துறைமுகத்திடமும் கேட்கப்பட்டது. அதற்கான வசதி இல்லை என்று இரண்டும் கைவிரித்தன. கப்பல் பயணத்தைத் தொடர்ந்தது. மே 20 ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த நிலையில் தீப்பிடித்தது. ஜூன் 2 ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது அதன் பின்பகுதி கடலடியில் தட்டி மூழ்கத் தொடங்கியது.

ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. பருப்பளவே உள்ள அந்த வெள்ளை மணிகள் நீர்கொழும்புக் கரையில் மணலை மூடிக் கிடந்த படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். உலகில் இதுவரை பதிவான பிளாஸ்டிக் மணிக் கசிவுகளில் மிகப் பெரியது இதுவே. 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் மாண்டதாக உயர் நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மேற்குக் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. தடை இல்லாத இடங்களில் பிடித்த மீனையும் வாங்க மக்கள் பயந்தார்கள். படகுக்காரர், வலை இழுப்பவர், கருவாடு போடும் பெண்கள், சைக்கிளில் மீன் விற்பவர் என்று ஒரு வரிசையே வருமானத்தை இழந்தது. இவர்களில் ஒருவருக்காவது அந்தக் கப்பலின் இலாபத்தில் ஒரு சதம் கிடைத்ததில்லை.

முன்கூட்டியே குறிக்கப்பட்ட விலை

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. 2023 ஜூலையில், அதாவது எமது நீதிமன்றத் தீர்ப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, கப்பல் தரப்பு லண்டன் நீதிமன்றத்தில் ஓர் ஆணையைப் பெற்றுக்கொண்டது. அதன்படி அவர்களுடைய பொறுப்பு சுமார் 19 மில்லியன் பவுண்களுக்குள் மட்டுப்படுத்தப்பட்டது. எமது உயர் நீதிமன்றம் விதித்த தொகையில் இது நாற்பதில் ஒரு பங்களவே.

இந்த 19 மில்லியன் எங்கிருந்து வந்தது? கடல்சார் கோரிக்கைகளுக்கான பொறுப்பை மட்டுப்படுத்தும் 1976 ஆம் ஆண்டின் சர்வதேச சமவாயம் ஒன்று இருக்கிறது. அதன்படி உச்சவரம்பு கணிக்கப்படுவது கப்பலின் தொன் அளவைக் கொண்டு. எத்தனை ஆமைகள் செத்தன, எத்தனை குடும்பங்களின் அடுப்பு எரியவில்லை, கடல் எத்தனை ஆண்டுகள் நஞ்சைச் சுமக்கும் என்பவை அந்தக் கணிப்பில் இல்லை. கப்பல் சிறிதென்றால் பொறுப்பும் சிறிது, அதில் ஏற்றிய சரக்கு எவ்வளவு ஆபத்தானதாக இருந்தாலும் சரி.

நிறுவனத்தின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிதைவுகளை அகற்றவும் கரையைச் சுத்தம் செய்யவும் மீனவர்களுக்குக் கொடுக்கவும் ஏற்கனவே 170 மில்லியன் டொலர் செலவிட்டுவிட்டதாக அது கூறுகிறது. பொறுப்புக்கு ஓர் எல்லை இருப்பதுதான் கடல் வணிகத்தின் அத்திவாரம், எல்லையற்ற நட்டஈடு அதை ஆட்டம் காண வைக்கும் என்றும் அது வாதிடுகிறது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எல்லையே இல்லாத பொறுப்பென்றால் கப்பலுக்குக் காப்புறுதி கிடைப்பது கடினம். எமது அரிசியும் மருந்தும் எரிபொருளும் கப்பலில்தான் வருகின்றன.

ஆனால் அந்த வாதத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். உரிமையாளரின் நட்டத்துக்கு எல்லை இருக்கிறது, மீனவரின் நட்டத்துக்கு இல்லை. ஒரு தரப்பின் பொறுப்பை ஓர் இடத்தில் நிறுத்தினால் அதற்கு மேலுள்ள சேதம் மறைந்துவிடுவதில்லை. அது வேறொருவர் தலையில் இறங்குகிறது. இங்கே அது இறங்கியது கரையோர மக்களின் தலையிலும், வாய் பேசாத கடலின் மீதும்.

வகுப்பறைக் கணக்கில் இல்லாத வரி

சாதாரண தர வகுப்புகளுக்கு வணிகக் கல்வி கற்பிப்பவன் நான். விற்பனை வருமானத்திலிருந்து செலவுகளைக் கழித்தால் வருவது இலாபம் என்று ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் எழுதுகிறேன். கொள்விலை, வாடகை, சம்பளம், மின்கட்டணம், பெறுமானத் தேய்வு என்று செலவுகளை வரிசைப்படுத்துகிறோம். அந்தப் பட்டியலில் கடலுக்கு ஒரு வரி இல்லை. களப்புக்கு இல்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு இல்லை. அவற்றுக்கு யாரும் பற்றுச்சீட்டு அனுப்புவதில்லை என்பதால் அவை செலவாகவே பதியப்படுவதில்லை. ஆகவே, காகிதத்தில் இலாபமாகத் தெரிவதில் ஒரு பகுதி உண்மையில் பிறர் செலுத்திய பணம்.

இதைப் பன்னாட்டுக் கம்பனிகளின் குற்றமாக மட்டும் பார்த்து நாம் ஆறுதலடைந்துவிடக் கூடாது. அதே கடலோரத்தில் சற்று வடக்கே போனால் புத்தளம் மாவட்டம். 1980களில் அங்கே இறால் பண்ணைகள் பெருகின. ஏற்றுமதி விலை நல்ல விலை. வெளியிலிருந்து வந்த கம்பனிகளோடு உள்ளூரவர்களும் இறங்கினார்கள். கண்டல் காடுகள் வெட்டப்பட்டுக் குளங்கள் தோண்டப்பட்டன. அனுமதி இல்லாமல் தோண்டப்பட்டவையும் ஏராளம்.

பண்ணைகளில் பல ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் களப்பிலிருந்தும் நீரை எடுத்து, கழிவு நீரை அங்கேயே திருப்பி விட்டன. ஒருவர் வெளியேற்றியதை அடுத்தவர் உள்ளே எடுத்தார். 1996 இல் வெண்புள்ளி வைரஸ் நோய் வந்தபோது பண்ணைக்குப் பண்ணை தாவ அதற்கு அந்த நீரே வழியாகியது. பெரும்பாலான பண்ணைகள் விழுந்தன. பணம் உள்ளவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். கடன் பட்டவர்கள் கடனோடு நின்றார்கள். கண்டல் வேர்களுக்கிடையே குஞ்சு பொரித்து வளர்ந்த மீனையும் நண்டையும் நம்பியிருந்த களப்பு மீனவர்கள், இறால் காலத்திலும் எதையும் பெறவில்லை, அது முடிந்த பின்னும் பழைய களப்பைத் திரும்பப் பெறவில்லை. கைவிடப்பட்ட அந்தக் குளங்களை இன்றும் பார்க்கலாம்.

இந்தக் கதையில் நம்பிக்கையான ஒரு பகுதியும் உண்டு. அடி விழுந்த பிறகு, எஞ்சிய பண்ணையாளர்களின் சங்கங்களும் அரச நிறுவனங்களும் சேர்ந்து 2004 அளவில் ஒரு பயிர் நாட்காட்டியை நடைமுறைப்படுத்தின. எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம், எது காத்திருக்க வேண்டும் என்று முறை வைத்தார்கள். தன் அழுக்கு நீர் தன்னிடமே திரும்பி வரும் என்று தெரிந்ததும் அதே வியாபாரிகள் ஓர் ஒழுங்குக்குள் வந்தார்கள். அவர்களுடைய இலாப ஆசை குறையவில்லை. மாறியது பொறுப்பு இருந்த இடம்தான்.

எமது பாரம்பரியம் சொல்வது

வியாபாரம் எமது சமூகத்தின் முதுகெலும்பு. இலாபம் பாவமென்று எமது மார்க்கம் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் அது இலாபத்தோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தே தருகிறது. ஒரு பொருளின் பயனை உரிமை கோருபவர் அதன் நட்டத்துக்கான பொறுப்பையும் சுமக்க வேண்டும் என்பது ஃபிக்ஹில் நன்கு அறியப்பட்ட விதி. முழாரபா ஒப்பந்தத்தில், உழைப்பவரிடம் கவனயீனமோ மோசடியோ இல்லாதபோது, பண நட்டத்தை முதலிட்டவரே ஏற்கிறார். பிறருக்குத் தீங்கு விளைவித்து ஈட்டும் உரிமை எவருக்கும் இல்லை என்பது அதற்கும் மேலான பொது விதி. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்று இன்றைய சூழல் சட்டம் சொல்வதும் உயர் நீதிமன்றம் கைக்கொண்டதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

இந்த அளவுகோலை எமது கடைவீதிக்கும் கொண்டுவர வேண்டும். ஆற்று மணல் வியாபாரம், கழிவு நீரைக் காணுக்குள் விடும் ஹோட்டல், கிணறுகளுக்கு அருகே கழிவைக் கொட்டும் கோழிப் பண்ணை ஆகியவற்றில் எம்மவர்களும் இருக்கிறார்கள். பொருள் ஹலாலா என்று நுணுக்கமாகப் பார்க்கும் நாம், அதன் கழிவு எங்கே போகிறது என்று கேட்பதில்லை. இலாபத்தில் ஸகாத் எவ்வளவு என்று ஆலிம்களிடம் கேட்கிறோம். அந்த இலாபத்துக்குள் அயலவரின் பங்கு கலந்திருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

இனி என்ன செய்வது?

அரசாங்கம் இந்தத் தீர்ப்பை அலுமாரிக்குள் வைத்துவிடக் கூடாது. வெளிநாட்டு நீதிமன்றங்களில் அதை வலியுறுத்தத் தேவையான நிபுணர்களையும் நிதியையும் ஒதுக்க வேண்டும். ஆபத்தான சரக்கோடு வரும் கப்பல்களின் காப்புறுதி, நடக்கக்கூடிய சேதத்துக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையோரத்தில் எந்தத் திட்டத்துக்கும் அனுமதி வழங்குமுன், அது தோல்வியடைந்தால் நிலத்தைச் சீராக்கும் பணத்தை முற்கூட்டியே வைப்பிலிடச் செய்ய வேண்டும். நட்டஈடு பகிரப்படும்போது படகு உரிமையாளரின் பெயரோடு கருவாடு போடும் பெண்ணின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும்.

எமது பக்கத்தில், பள்ளிவாசல் நிருவாக சபைகளும் வர்த்தக சங்கங்களும் தத்தமது ஊரில் ஒரேயொரு கேள்வியோடு தொடங்கலாம்: இந்த ஊரின் வியாபாரங்கள் ஊரின் நீரிலும் மண்ணிலும் எதை விட்டுச் செல்கின்றன? ஆண்டுக்கு ஒரு குத்பாவில் பொதுவாகப் பேசுவதைவிட, ஒரு காணையோ ஓர் ஓடையையோ எடுத்து, அதற்குள் கழிவு விடுபவர்களை அழைத்துப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருவது பயன் தரும். புத்தளத்தில் இறால் பண்ணையாளர்களுக்கு அது முடிந்தது. தொழில் விழுவதற்கு முன்பே அதைச் செய்யும் வாய்ப்பு எமக்கு இன்னும் இருக்கிறது.